மார்கழியில் நட்ட துலிப்

அவசரமாகத்தான் நட்டுக்கொண்டிருந்தேன். மேல்மண் பப்படம்போல் உறைந்திருந்தது. கம்பியால் குத்தி உடைத்தால் உள்ளே இன்னும் இளக்கம். மொழிபெயர்க்கிற தங்கச்சி, இந்தப் பொலிஸ்காரருக்கு இதைச் சரியாகச் சொல்லுங்கள்: மண்வெட்டி இறங்கும்வரை துலிப் கிழங்கு நடலாம். மார்கழி என்றாலும் பிந்தவில்லை. ஆனால் அன்றிரவு கடும் உறைபனி என்று சொல்லியிருந்தார்கள்.

நடுகிற மண்ணை மிதிக்கக் கூடாது. இறுகினால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும். பாத்தியில் எதையாவது நீட்டிப் போட்டு, அதன்மேல் முழங்காலூன்றித்தான் நடுவேன்.

இங்கே ஜேர்மனியில், ஊன்ட்றொப் கால்வாய்ப் பக்கத் தோட்டக் காணி அது. குத்தகை சிவராமன் அண்ணையின் பேரில். கொத்தியது, தண்ணீர் விட்டது எல்லாம் நான். அவர் கதிரை போட்டிருந்து பகிடி விடுவார்.

"என்ன துவாரகன், மார்கழியில துலிப்பே? விசர் பிடிச்சிட்டுதோ?"

"மண் இன்னும் இறுகேல்லை, அண்ணை."

"அது பூக்கேக்க நீர் இஞ்ச நிக்கமாட்டீர். தையோட காணி மருமோன் பிரவீணனுக்கு. பூத்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுறன்."

நான் கோபப்படவில்லை. நிலத்தடி மழைநீர்த் தொட்டியில் இலை அடைத்துக் கிடந்தது. மருமகனுக்குத் துப்புரவாகக் கொடுக்க வேண்டுமென்று அவரேதான் இறங்கினார். "ஏணியில நடுப்படி ஒண்டு இல்லை, கவனம் அண்ணை" என்று சொன்னது நான். அதையும் எழுதச் சொல்லுங்கள்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். முதலில் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். பிறகு சிரிப்பில்லாமல்.

கீழே கணுக்கால் அளவு பனித்தண்ணீர். எனக்கோ இன்னும் அரைப் பை கிழங்கு மிச்சம். அவர் கூப்பிடுகிற சத்தம் உட்கார்ந்தால் எழும்பச் சொல்லும், எழும்பினால் உட்காரச் சொல்லும். கடைசியில் ஒரு வழி கண்டேன். அவர் ஒருமுறை கூப்பிட்டால் நான் ஒரு கிழங்கு வைப்பேன். வேலை சீராக ஓடியது. பாத்தி முடிகிறபோது சத்தமும் இல்லை.

அம்புலன்சுக்குப் போன் எடுத்ததும் நான்தான். தொட்டியில் ஏணி, ஏணியடியில் அவர். குளிரில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவர் மகள் சஜிதா என் கையைப் பிடித்து அழுதாள். பிரவீணன் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டான். குத்தகை என் பேருக்கு வந்தது.

சித்திரையில் அத்தனையும் பூத்தன. மார்கழியில் நட்டதால் தண்டு கொஞ்சம் கட்டை, அவ்வளவுதான். தகப்பனின் படத்துக்கு வைக்க நாலு பூ வெட்ட சஜிதா வந்தாள். வெட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். பூக்கள் ஒரே அளவு இடைவெளி விட்டுக் கட்டுக்கட்டாக நின்றன. நடுவில் மட்டும் ஒரு கட்டு இரட்டை நீளம்.

"துவாரகன் அண்ணை, அப்பான்ர ஏணி எங்க?"

காட்டினேன். தூக்கிவந்து பாத்தியில் கிடத்தினாள். ஒவ்வொரு படி இடுக்கிலும் சிவப்பாகப் பூ. படி இல்லாத இடத்தில் அந்த நீளக் கட்டு.

ஓம், தங்கச்சி. அவர் இறங்கிய கையோடு ஏணியை மேலே இழுத்தது நான்தான். முழங்காலூன்ற வேறொன்றும் அகப்படவில்லை. ஆனால் வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டேன். மற்றவர் பொருளை வைத்திருக்கிற பழக்கம் எனக்கு இல்லை.