முப்பதாம் விளக்கு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் மாலைப் பேருந்தில் இடப்பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது. மூன்று பருவமாக அங்கே உட்கார்ந்துதான் நாட்குறிப்பு எழுதுகிறேன். அந்த நோட்டு இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது. நான் சொல்வதை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார். என் நினைவை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

என் பெயர் தமிழினி. வீடு செம்மண்டலம். பகலில் முதுநகரில், மீனவர் சங்கத்தின் அபாய அறிவிப்பு அறையில் வேலை. அறுபது படகுகளில் படகுக்கொரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஆபத்தென்றால் அழுத்துவார்கள். மலிவான கருவி, பெயரோ இடமோ அனுப்பாது. நிமிடத்தில் அறுபது நொடி, படகுக்கு ஒரு நொடி; அழுத்தியபின் ஒவ்வொரு நிமிடமும் தன் நொடியில் ரேடியோவில் ஒரு சத்தம் அனுப்பும். முப்பத்தொன்றாம் நொடியில் சத்தம் வந்தால் முப்பத்தொன்றாம் படகு. எங்கள் பலகையில் அந்த எண்ணுக்குரிய விளக்கு எரியும். காலையில் எந்தத் திசையில் போனார்கள் என்று பதிவேட்டில் இருக்கும். அங்கே ஆள் அனுப்புவோம். எல்லாம் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். படகுகளும் எங்கள் அறையும் செயற்கைக்கோளிடம் நேரம் வாங்கிக்கொள்ளும்.

மாலை வகுப்பில் விண்வெளிக் கடிகாரங்கள் பற்றிப் படிக்கிறேன். செவ்வாயில் இருக்கும் கடிகாரம் பூமியிடம் மணி கேட்டால் பதில் வந்துசேரச் சில சமயம் நாற்பது நிமிடம்கூட ஆகும் என்றார் சுப்பராயலு சார். அங்கே காலமே சற்று வேகமாக ஓடுகிறது, நாளுக்கு ஏறத்தாழ நானூற்று எழுபத்தேழு மைக்ரோநொடி. ஆகவே அந்தக் கடிகாரம் தன் பிழையைத் தானே அறிந்திருக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. பிழை இருக்கலாம், எவ்வளவு என்று தெரிந்தால் போதும்.

என் செய்முறைக்குப் பத்து நாள் தேவைப்பட்டது. ஒரு கடிகாரத்தை யாரிடமும் மணி கேட்கவிடாமல் ஓடவைத்து, எவ்வளவு பிந்துகிறது என்று பார்ப்பது. போன பருவம் ஒரு செய்முறையைப் பாதியில் நிறுத்தினேன். "பொறுமை போதலியேம்மா" என்றார் சுப்பராயலு சார். அது மனதில் இருந்தது. என் கைக்கு எட்டிய கடிகாரம் அறிவிப்பு அறையில் இருந்தது ஒன்றுதான். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாடியில், அதற்குச் செயற்கைக்கோள் நேரம் தரும் ஆண்டெனாவின் வயரைக் கழற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாட்டச் சொல்வார்கள்.

கடிகாரம் நாளுக்குக் கால் நொடி பிந்தியது. இணையத்தில் மணி வாங்கும் என் மடிக்கணினியையும் அதையும் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்துக் கணக்கிட்டேன். நாலு நாளில் ஒரு நொடி.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு முப்பதாம் விளக்கு எரிந்தது. அது கண்ணாயிரத்தின் படகு. எஞ்சின் வேலைக்காக ஜன்னலுக்கு நேர் கீழே கட்டியிருந்தது. அவரே எங்கள் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா மாமா, என் போட்டு முழுவுதுன்னு உன் டப்பா சொல்லுது. நான் நீந்தியா வந்தேன்?" என்றார்.

பொறுப்பாளர் காசிநாதன் எட்டிப் பார்த்தார். "எலி கடிச்சிருக்கும் மச்சான். வயரெல்லாம் உன் போட்டு மாதிரியே ஓட்டை." இருவரும் சிரித்தார்கள். காசிநாதன் ஒலிப்பானை அணைத்தார்.

விளக்கு நிமிடத்துக்கு ஒருமுறை எரிந்தது. நான் உட்கார்ந்து எண்ணினேன். எங்கள் கடிகாரம் ஒரு நொடி பிந்தியிருந்தால் அது முப்பத்தொன்றாம் படகாக இருக்க வேண்டும். அதில்தான் பாண்டியன் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் அன்று காலை பரங்கிப்பேட்டைப் பக்கம் போயிருந்தார்கள். ஆனால் என் கையில் நாலு நாள் அளவுதான் இருந்தது. நாலு புள்ளியை வைத்து ஒரு முடிவைச் சொல்வது சரியான முறை இல்லை. உண்மையிலேயே எலியாக இருந்தால்? ஊரைக் கூட்டியிருப்பேன், செய்முறையும் கெட்டிருக்கும்.

நாற்பத்தொரு முறை எரிந்தது. இரண்டு ஐம்பதுக்குப் பிறகு எரியவில்லை. நாலு மணிப் பேருந்தில் வகுப்புக்குப் போனேன்.

மறுநாள் காலை அண்ணனின் மனைவி சௌந்தரம் அக்கா வந்தார்.

"ராவே வரேன்னாரு தமிழு. முப்பத்தொண்ணு வெளக்கு எரிஞ்சிதா?"

"இல்லக்கா, எரியல."

"அப்ப நல்லாத்தான் இருக்காரு. மீன் ஜாஸ்தி கெடச்சிருக்கும், அதான் லேட்டு."

நான் பொய் சொல்லவில்லை. அந்த விளக்கு எரியவில்லை. அக்கா ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தார். தேடக் கிளம்பியது ஞாயிற்றுக்கிழமைதான். படகு கவிழ்ந்து கிடந்தது. மூவருடைய உடல்களும் அடுத்தடுத்த நாட்களில் கரைக்கு வந்தன. மருத்துவர் சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அவர்கள் சனிக்கிழமை விடியும்வரை உயிரோடு மிதந்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, இது என்ன என்று கேட்டீர்கள். நாற்பத்தொரு வரிகள். விளக்கு எரிந்த ஒவ்வொரு முறையும் எங்கள் கடிகாரம் காட்டிய நேரத்தை எழுதி, முப்பத்தொன்றாம் படகுக்குரிய நேரத்திலிருந்து கழித்திருக்கிறேன். அந்தப் படகின் கடிகாரம் செயற்கைக்கோளோடு ஓடியது. அதைவிடத் துல்லியமான அளவுகோல் எனக்குக் கிடைத்திருக்காது. முப்பத்தொன்று என்று உறுதியாகத் தெரியாமல் எப்படிக் கழித்தாய் என்கிறீர்கள். அது ஓர் அனுமானம். அனுமானம் என்று பக்கத்தின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

பத்து நாள் முடிந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வயரை மாட்டினேன். நான் கணித்த பிழை இரண்டரை நொடி. வந்தது இரண்டு புள்ளி நாலு ஒன்பது. வெள்ளிக்கிழமை நான் நினைத்தது சரிதான் என்று அப்போதுதான் தெரிந்தது. சார், அன்றைக்குத்தான் எனக்கு என்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.