முதலில் யாரிடம் சொல்வது

— என் நர்சிங் பிள்ளைங்க எதுக்குண்ணா கடைசி வரிசை? சேர்ந்து படிக்கிற கிளாஸ்னுதானே சொன்னாங்க?

— டாக்டருக்குப் படிக்கிறவங்க முன்னால, நர்சிங் பின்னால. எப்பவும் அப்படித்தானே உட்கார்றாங்க. இதுக்குமா சண்டை?

— கலந்து உட்காரட்டும். இல்லேன்னா நான் என் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறேன், நீயே தனியா நடத்திக்கோ.

— சரிம்மா தாயே, உட்காரட்டும். அம்மா மேல வெயில் படுது பாரு, வீல் சேரைக் கொஞ்சம் தள்ளு. பிரேக் போட்டியா?

— போட்டாச்சு. அதுவும் நர்ஸ் வேலைதானே.

— ஆரம்பிச்சுட்டியா. இங்க பாரு, சுகர் அளவு, மாத்திரை எல்லாம் நான் சொல்றேன். ஊசி போடறது, பாதத்தைப் பார்த்துக்கறது நீ சொல்லு. கடைசியா அம்மா கதை. சர்க்கரை வியாதிக்காரங்க, கால்ல புண்ணு, கவனிக்காம விட்டதால முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாச்சு. அவ்வளவுதான்.

— யாரு கவனிக்காம விட்டதால?

— அது எதுக்கு இப்போ?

— டாக்டர் மகன் வந்து வந்து ரிப்போர்ட்டைப் பார்த்தாரு, காலைப் பார்க்கலைன்னு சொல்லேன்.

— தினமும் ஊசி போட்டவ நீ. கொஞ்சம் குனிஞ்சு சாக்ஸைக் கழட்டிப் பார்த்திருந்தா கை தேஞ்சிடுமா?

— பார்த்துட்டு? பாத வெடிப்பு சரியில்லைன்னு ஒரு தடவை வாயைத் திறந்தேன். சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும் "நீ என்ன டாக்டரா"ன்னு கேட்டே. அன்னைக்கே விட்டுட்டேன், நீயே பார்த்துப்பேன்னு.

— நீ பார்த்துக்கறேன்னுல்ல நான் நெனச்சேன். நீ மட்டும் என்ன? அம்மா தோள்வலியை என்கிட்ட முதல்ல சொல்லிட்டாங்கன்னு மாசக்கணக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டவதானே?

— போதும் நிறுத்துங்க ரெண்டு பேரும். பிள்ளைங்க வராந்தாவுல நிக்குது, காதுல விழப்போகுது.

— நீ சும்மா இரும்மா. உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் நான்...

— என் மனசு கிடக்குதுடா. புண்ணு இருக்கறது உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.

— என்னம்மா சொல்றே?

— கால்லதான் உணர்ச்சி இல்லை, மூக்குமா இல்லை? நாத்தம் தெரிஞ்சுது. உன்கிட்ட முதல்ல சொன்னா இவ என்னோட பேச மாட்டா. இவகிட்ட முதல்ல சொன்னா, வீட்ல டாக்டர்னு நான் எதுக்கு இருக்கேன்னு நீ குதிப்பே. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப்போட்டேன். கால் போச்சு.

— இதைச் சொல்லத்தான் கிளாசுக்கு வர ஒத்துக்கிட்டியாம்மா?

— இல்லடி. இந்தக் காலிலேயும் கட்டைவிரலுக்கு அடியில ஒண்ணு வந்திருக்கு. பிள்ளைங்களை உள்ளே கூப்பிடு. எல்லார் முன்னாடியும் சாக்ஸைக் கழட்டறேன், நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பார்த்துக்குங்க.