எண் சுரண்டிய சிப்பு

நிகானோர்: கார்மென் மாதா மேல ஆணை, மரிட்சா. இதுல ஒரு சொட்டுப் பொய் கிடையாது. உன் பாட்டுப் பெட்டியோட சிப்பைக் கொன்னது இடி.

மரிட்சா: நம்ம ஊரு பர்ரங்கியாவுல மழை பேஞ்சே மூணு மாசம் ஆச்சு, டோன் நிகானோர்.

நிகானோர்: சத்தமில்லாத இடி. அதான் உனக்குக் கேக்கல.

மரிட்சா: பிக்கோன்னு எட்டு ஆளு தூக்குற ஸ்பீக்கர் பெட்டியில தெருவே அதிரப் பாட்டுப் போடுறவ நான். என்கிட்ட இடியைப் பத்தியா?

நிகானோர்: அப்போ... ஓணான். கூரையிலேருந்து பச்சை ஓணான் ஒண்ணு தொப்புன்னு பெட்டிக்குள்ள விழுந்துச்சு. சிப்பைத் தொடுறதுக்கு முன்னாடி இரும்பைத் தொட்டு உடம்புல இருக்கிற மின்சாரத்தை இறக்கணும். ஓணானுக்கு அதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?

மரிட்சா: நாலு மணிக்குச் சூறாவளி பிக்கோவோட மோதல். அவங்க இப்பவே தெருமுனையில ஸ்பீக்கர் அடுக்குறாங்க. இங்க என்னடான்னா ரெண்டு இசைத்தட்டுப் பாட்டும் ஒண்ணாக் கத்துது! தோத்தா எங்க ‘ஊமை முதலை’ பிக்கோவை ஒரு வருஷத்துக்கு ஒருத்தனும் விசேஷத்துக்குக் கூப்பிட மாட்டான். நிஜத்தைச் சொல்லுங்க.

நிகானோர்: நகக்கண் அளவு சிப்பு, மகளே. ஒரு தட்டை மூடி, மறு தட்டைத் திறந்துவிடுறதுதான் அதுக்கு வேலை. பாவம், சின்ன உசிரு...

மரிட்சா: அதுக்குக் காவல் போட்டீங்களா, இல்லையா?

நிகானோர்: போடாமலா? பாட்டு வர்ற வழியில ரெசிஸ்டர். மேலயும் கீழயும் டயோடு. கரண்ட் வந்தப்புறம்தான் பாட்டை உள்ள விடணும்னு ஒரு ரிலே வேற. ஜனாதிபதிக்குக்கூட அவ்வளவு காவல் இல்ல.

மரிட்சா: அப்புறம் எப்படிச் செத்துச்சு?

நிகானோர்: காவல் முழுக்க முன்வாசல்லயே நின்னுச்சு... கரண்ட் குடுக்குற பின்வாசல் வழியா பன்னண்டு வோல்ட்டு உள்ள போயிடுச்சு. சிப்பு தாங்குறது அஞ்சுதான்.

மரிட்சா: அஞ்சு வோல்ட்டு சிப்புக்கா? எந்தக் கழுதை குடுத்தது, டோன் நிகானோர்?

நிகானோர்: உன் முன்னால கண்ணாடி போட்டு உக்காந்திருக்கே, அந்தக் கழுதை. டப்பாவுல ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணு பதினஞ்சு வரைக்கும் தாங்கும். இன்னொண்ணுக்கு அஞ்சுக்கு மேல போனா ஆவிதான். ரெண்டுக்கும் ஒரே உடம்பு, ஒரே காலு.

மரிட்சா: முதுகுல எண் அச்சடிச்சிருக்குமே!

நிகானோர்: சுரண்டிட்டேன்.

மரிட்சா: என்னது?

நிகானோர்: நீ மட்டும் இசைத்தட்டுல பேரைச் சுரண்டலையா, அடுத்த பிக்கோக்காரன் பாட்டைக் கண்டுபிடிச்சிடுவான்னு? சூறாவளிக்காரங்க மெக்கானிக் பாத்துடக் கூடாதேன்னு நானும் சுரண்டினேன். ரகசியத்தை ரொம்ப நல்லாக் காப்பாத்திட்டேன். எனக்கே தெரியல.

மரிட்சா: நான் பாட்டைக் கேட்டா எதுன்னு சொல்லிடுவேன். நீங்க சிப்பைக் கடிச்சா பாப்பீங்க?

நிகானோர்: கடிச்சேன். ரெண்டும் ஒரே ருசி.

மரிட்சா: கடவுளே... மிச்சம் எத்தனை?

நிகானோர்: ஏழு. ஒவ்வொண்ணா பன்னண்டுல போட்டுப் பாத்தா, எரியாதது நம்ம ஆளு.

மரிட்சா: இருங்க, இருங்க. பதினஞ்சு தாங்குறது அஞ்சுல ஓடுமா, ஓடாதா?

நிகானோர்: ஜம்முன்னு ஓடும்.

மரிட்சா: அப்போ எதை மாட்டினாலும் அஞ்சே குடுத்துத் தொலைங்களேன்!

நிகானோர்: ...பாட்டையும் அந்த அஞ்சுக்குள்ள அடக்கி அனுப்பணும்... சத்தத்தைப் பின்னால ஆம்ப்ளிஃபையர் ஏத்திக்கும்... அட! நாப்பது வருஷ அனுபவம்ல குறுக்க நின்னு மறைச்சிருக்கு!

மரிட்சா: அனுபவத்தை ஓரமா வச்சிட்டு வேலையைப் பாருங்க. மணி மூணு.

நிகானோர்: பொறு... பொறு... இந்தா, முடிஞ்சது. முதல்ல கரண்ட். இப்போ பாட்டை விடு. தட்டை மாத்து.

மரிட்சா: ...மாறுது. டப்புன்னு ஒரு சத்தம்கூட இல்லாம மாறுது!

நிகானோர்: எல்லாம் என் கைராசி.

மரிட்சா: போதும், போதும். ஆமா... சூறாவளிக்காரங்க என்ன சிப்பு போட்டிருப்பாங்க? அவங்க மெக்கானிக்கை இதுவரைக்கும் யாரும் பாத்ததே இல்ல.

நிகானோர்: அவங்க மெக்கானிக்கும் நான்தான், மகளே. நேத்துதான் இதே டப்பாவுலேருந்து ஒண்ணு எடுத்து, ஓட்டிப் பாக்காமலே மாட்டினேன்... பன்னண்டு வோல்ட்டுல.