நான்கு கட்டமும் அடைத்த பிறகு

ஜிப் கெட்டுப்போனால் எல்லோரும் பல்லைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் பழுது ரன்னரில்தான் இருக்கும். மேலும் கீழும் ஓடி ஓடி அது வாய் பிளந்துவிடும். பற்கள் பாவம், நின்ற இடத்தில் நின்றுகொண்டிருக்கும். இருபத்தாறு வருடம் ஜிப்பும் பொத்தானும் மொத்தமாக விற்றவன் சொல்கிறேன், நம்பலாம்.

எழுதிக் கொடுங்கள் என்று தாளும் பேனாவும் வைத்துவிட்டுப் போனீர்கள், மேடம். என் மனைவி எங்கே என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்குப் பதில் ஒரு வரியில் அடங்கிவிடும். ஆனால் ஒரு வரியில் எழுதினால் நான் கெட்டவனாகத் தெரிவேன். அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன். மாலை ஆறு மணி வரை எனக்கும் வேறு வேலை இல்லை.

அவளை நான் முதலில் பார்த்தது கடையில். தையல் பட்டறை ஒன்றில் துணி அளவுக்குப் பேட்டர்ன் அட்டை வெட்டுகிறவள். பட்டறைக்கு ஜிப் வாங்க வந்தாள். எங்கள் தெருவில் பேரத்துக்கு ஒரு முறை உண்டு. விலை படியவில்லை என்றால் வந்தவர் எழுந்து நடப்பார். நாங்கள் வேறு வேலை பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு அவர் காலடியை எண்ணுவோம். மூன்றாவது அடியில் கூப்பிட்டால் நமக்குத்தான் அவசரம் என்று தெரிந்துவிடும். ஏழாவது அடியில் "சரி, வாங்க" என்பதுதான் பதம். போகிறவரும் ஆறாவது அடியிலேயே செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் நடையைத் தளர்த்துவார். இருவருக்கும் தெரிந்த நாடகம்.

அவளை ஏழாவது அடியில் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பத்தாவது அடியில் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். கடைசியில் கல்லாவைத் திறந்தபடி போட்டுவிட்டுத் தெருமுனை வரை ஓடி, மூச்சு வாங்க, அவள் கேட்ட விலைக்கே கொடுத்தேன். மற்றவர்கள் போவதாகக் காட்டுவார்கள். அவள் உண்மையிலேயே போய்க்கொண்டிருந்தாள். பக்கத்துக் கடையில் நூல் விற்கிறவர் அன்றிலிருந்து என்னை 'ஓட்டக்காரர்' என்றுதான் கூப்பிடுகிறார். எட்டு மாதத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. விடாக்கண்டனுக்கும் கொடாக்கண்டனுக்கும் முடிச்சுப் போட்டாயிற்று என்று தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் அவள் செருப்பை மாட்டும் ஓசை கேட்கும்போதெல்லாம் என்னையறியாமல் எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

அவள் ஒரு பெட்டித் துணியோடும் ஒரு வீடியோ கேம் பெட்டியோடும் வந்தாள். சீனப் புராணத்தை வைத்துச் செய்த ஆட்டம் அது. மேகத்தின் மேல் ஒரு பேரரசர், நான்கு கடலுக்கும் நான்கு டிராகன் அரசர்கள், ஒன்பது வால் நரி, அது போக பெயர் வாயில் நுழையாத பூதங்கள். கேட்கக் குழந்தை விளையாட்டுபோல இருக்கும். ஆனால் அது ஓடிப் பிடிக்கிற ஆட்டம் அல்ல, உட்கார்ந்து யோசிக்கிற ஆட்டம். தரை முழுக்கக் கட்டம். நாம் ஒரு முறை நகர்த்தினால் எதிரி ஒரு முறை நகர்த்துவான். ஞாயிறு கடை விடுமுறை. மதியம் முழுக்க இருவரும் அதில்தான் கிடப்போம். எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தது அவள்தான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதில் பூதங்களை இரண்டு விதமாகத் தீர்க்கலாம். ஒன்று, அடித்து விரட்டுவது. இன்னொன்று, கட்டுவது. பூதம் நிற்கிற கட்டத்துக்கு நான்கு பக்கமும் நம் ஆட்களை நிறுத்திவிட வேண்டும். கை வைக்கக் கூடாது. ஒரே ஒரு அடி விழுந்தாலும் கட்டு அறுந்துவிடும். சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஏழு முறை போனால் பூதம் தானாக மண்டியிட்டு நம் படையில் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு சாகும்வரை நம்மோடுதான்.

அவள் ஒருநாளும் கட்டியதில்லை. மூன்று பக்கம் வளைத்து ஒரு பக்கத்தைத் திறந்துவிடுவாள். பூதம் அந்த வழியாக ஓடிவிடும். ஆட்டத்தை அவள் ஜெயித்துவிடுவாள். நான் கேட்டேன், கைக்கு வந்ததை ஏன் விடுகிறாய் என்று.

"ஓடட்டுமேங்க. பிடிச்சு வச்சு என்ன பண்றது, அதுக்கும் சேத்து நான்தானே யோசிக்கணும்?" என்றாள்.

எனக்கு அது ஒப்பவில்லை. கதவுவரை வந்த சரக்கை எந்த வியாபாரி விடுவான்? என் படையில் நாற்பத்தொரு பூதங்கள் இருந்தன. அவள் படையில் ஆரம்பத்தில் கொடுத்த ஆறு பேர்தான்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய நாளில் அவளுக்கு ஒரு பெரிய ஆடை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வேறு நகரம். பேட்டர்ன் பிரிவு முழுக்க அவள் பொறுப்பில். சண்டை போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "வர்றதா இருந்தா வாங்க. அங்கயும் சட்டைக்குப் பொத்தான் வைக்கத்தான் செய்றாங்க. வரலைன்னா நான் போறேன். மாசம் ஒருதடவ வந்து பாக்குறேன்."

நான் எங்கே போவது? பிறந்ததிலிருந்து பத்தடி அகலக் கடைக்குள் பக்கவாட்டில் நடந்தே பழகியவன். அகலமான இடத்தில் விட்டால் எனக்கு நடக்கவே தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன்.

அடுத்த நாள் அவள் போன் கீழே விழுந்தது. விழுந்தது என்றால், நான்தான் போட்டேன். அதற்கு முன் அதிலிருந்தே நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன்: குடும்பச் சூழ்நிலை, வர இயலவில்லை, மன்னிக்கவும். இரண்டே வரியில் வாழ்த்துச் சொல்லிப் பதில் வந்தது. பெரிய இடம் பெரிய இடம்தான். போனை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன், பார்ட்ஸ் வரவில்லை என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்படி இரண்டு பக்கம் அடைத்தாயிற்று.

மூன்றாவது பக்கம் அவளுடைய அண்ணன். அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர். தங்கை என்றால் உயிர். வாரம் இரண்டு முறை பேசாவிட்டால் சாப்பாடு இறங்காது. அவரைத் தள்ளி வைப்பதுதான் கடினம் என்று நினைத்தேன். அச்சகத்துக்கே போய், மிஷின் சத்தத்தில் அவர் காதருகே குனிந்து, தங்கைக்கு மனசு சரியில்லை, டாக்டர் கொஞ்ச நாள் யாரோடும் பேச வேண்டாம் என்றிருக்கிறார் என்று சொன்னேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டார்.

"என்கிட்ட போன வாரம்கூட நல்லாத்தானே பேசுனா?"

"அதுதான் மச்சான் அந்த நோயே," என்றேன்.

மனிதர் மை படிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கறுப்பு. எனக்கே பாவமாக இருந்தது. பத்து நாள் விட்டுப் பேசுங்கள் என்று தேற்றிவிட்டு வந்தேன்.

மிச்சம் ஒரு பக்கம். அது வெறும் கதவு.

என் கடைக்கு மாடி இருக்கிறது. தகரக் கூரை, சரக்கு அடுக்குகிற இடம். அட்டைப்பெட்டி வரிசைக்குப் பின்னால் ஓர் உள்ளறை. உலோகப் பொத்தான் ஈரக்காற்றில் கறுக்காமல் இருக்க அந்தக் காலத்தில் கட்டியது. ஜன்னல் கிடையாது, ஒரு காற்றுப்போக்கி விசிறி மட்டும். நேற்று உங்கள் ஆட்கள் மாடிக்கு வந்து, பெட்டி அடுக்கைப் பார்த்துவிட்டு, தும்மிக்கொண்டே இறங்கிப் போனார்களே, அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால்தான். இதோ, உங்கள் ஒரு வரிப் பதில்.

போன புதன்கிழமை காலை அவள் பெட்டியோடு கடைக்கு வந்து, புறப்படுகிறேன் என்றாள். நல்லபடியாகப் போய் வா என்றேன். உன் பழைய பேட்டர்ன் அட்டைகள் மேலே உள்ளறையில் இருக்கின்றன, எடுத்துக்கொள் என்றேன். போனாள். தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினேன். முதல் நாளே உள்ளே எல்லாம் வைத்திருந்தேன்: இரண்டு கேன் தண்ணீர், பிஸ்கட், ரொட்டி, மூடியுள்ள வாளி, பாய். பொழுது போக வேண்டுமே என்று அந்த கேம் பெட்டியையும் ஒரு சின்ன டிவியையும்கூட வைத்தேன். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கனியாத காயைத் தடியால் அடித்துக் கனிய வைக்க முடியாது என்பார்கள். நான் தடி எடுக்கவே இல்லை. கல்யாணமான நாள் முதல் அடியாக அவள்மேல் என் விரல்கூடப் பட்டதில்லை.

முதல் நாள் அவள் கத்தவில்லை. கதவருகே வந்து, கடையில் பேசுவதுபோலவே பேசினாள். "என்ன வேணும்னு சொல்லுங்க. பேசித் தீத்துக்கலாம்." நான் பதில் சொல்லவில்லை. பேசினால் பேரம் ஆரம்பித்துவிடும். பேரத்தில் அவளிடம் நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

இரண்டாம் நாள் தட்டினாள். மூன்றாம் நாளும் தட்டினாள். நூல்கடைக்காரர் தேநீர்க் குவளையோடு வந்து நின்று, "என்ன ஓட்டக்காரரே, மாடியில எலி ஜாஸ்தியா இருக்கு? பூனை ஒண்ணு வளக்குறதுதானே?" என்றார்.

"புதுச் சரக்கு இறங்கியிருக்கு அண்ணே. நாலு நாள் ஓடும், அப்புறம் அடங்கிடும்," என்றேன்.

வீட்டம்மா ஊருக்குப் போனதும் உங்கள் முகம் தெளிந்துவிட்டது என்று கேலி செய்தார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்று தெருவுக்கே சொல்லியிருந்தேன்.

நான்காம் நாள், சனிக்கிழமை மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மேலே போனேன். கதவின் கீழ் இடுக்கில் அவள் விரல் நுனிகள் தெரிந்தன. காற்றுக்காகத் தரையோடு படுத்திருந்தாள்போல. குரல் தேய்ந்திருந்தது.

"சரிங்க. நான் எங்கயும் போகல. உங்ககூடவே இருக்கேன். திறங்க."

அவள் வாயிலிருந்து நான் கேட்க விரும்பிய சொற்கள் இவைதான், மேடம். ஒன்றுகூடக் குறையவில்லை. இருந்தும் நான் திறக்கவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். நான்காவது முறையிலேயே மண்டியிடுகிற பூதம் எதுவும் இல்லை. முதலில் சொல்கிற விலை வியாபாரியின் விலையும் இல்லை, வாங்குகிறவரின் விலையும் இல்லை. அது பேரத்தைத் தொடங்கி வைக்கச் சொல்கிற விலை. திறந்திருந்தால் படியிறங்கித் தெருமுனையைத் தாண்டியிருப்பாள். இந்தமுறை எனக்கு ஓட வயதும் இல்லை.

இனி எழுதப்போவதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரியும். என் கடை வயரிங் பழசு. சாத்தும்போது மெயினை இறக்கிவிட்டுத்தான் பூட்டுவேன். ஒரு காலத்தில் தெருவில் ஒரு கடை எரிந்ததிலிருந்து எல்லோருக்கும் அதே பழக்கம். மெயினை இறக்கினால் மாடியும் சேர்ந்து போய்விடும். விசிறியும்தான். மற்ற நாட்களில் இராப்பொழுது மட்டும், வெக்கை தணிந்த நேரம். சனிக்கிழமை சாயங்காலம் இறக்கினால் திங்கள் காலைதான் ஏற்றுவேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதலாம். நீங்களும் ஒருவேளை நம்பலாம். ஆனால் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. சுவிட்சில் கை வைத்தபோது நினைவு வந்தது. நாளை ஞாயிறு, தகரக் கூரை, அந்த விசிறி, எல்லாம் வரிசையாக வந்தன. ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். பிறகு இறக்கினேன். டிவி பாதியில் அணைந்தால் அவள் ஆட்டம் கலைந்துபோகுமே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்தேன். வெயில் கடுமை. நான் இரண்டு முறை குளித்தேன்.

திங்கள் காலை மெயினை ஏற்றியதும் மாடியில் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை. பத்து மணிக்கு நூல்கடைக்காரர் வந்து மேலே காது கொடுத்துப் பார்த்துவிட்டு, "எலி ஒழிஞ்சுது போல. என்ன மருந்து வச்சீங்க? நமக்கும் கொஞ்சம் குடுங்க," என்றார். மருந்து ஒன்றும் இல்லை அண்ணே, பொறுமைதான் என்றேன். சாயங்காலம் மைத்துனர் அந்தப் பெரிய நிறுவனத்துக்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறார். அவள் அங்கே வந்து சேரவில்லை என்று தெரிந்ததும் உங்களிடம் வந்துவிட்டார். பத்து நாள் பொறுக்கச் சொன்னேன், பொறுக்கவில்லை. அவர் வியாபாரி இல்லை.

சத்தம் இல்லாததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அடம் முழுக்கக் கரைந்தால்தான் அமைதி வரும். இன்று செவ்வாய், நாளுக்கு ஒன்றாக எண்ணினால் ஏழாவது முறை. ஆறு மணிக்கு முடிகிறது. சாவி என் இடது சட்டைப் பையில் இருக்கிறது. நீங்கள் சோதித்தபோது வண்டிச் சாவி என்று விட்டுவிட்டீர்கள். ஆறானதும் நானே எடுத்துத் தருகிறேன்.

ஒரே ஒரு உதவி, மேடம். கதவைத் திறந்ததும் உங்கள் ஆட்கள் யாரும் வாயைத் திறக்க வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள், அவள்தான் முதலில் பேச வேண்டும்.