ஒரே காரில் இரண்டு ரேடியோ

லோகேஸ்வரி: ...அப்புறம் உங்க மேடைப் பேச்சுல இந்த "பணிவன்புடன்" வேணாம். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. வெட்டுங்க.

சுகுமாறன்: நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கேன்லா. பேப்பர் உன் கையில. நீயே வெட்டு.

லோகேஸ்வரி: வெட்டியாச்சு. அடுத்து... "இருபத்திரண்டு வருஷமாக எஃப்.எம். காலை நிகழ்ச்சியில் உங்களோடு." இருபத்திரண்டு வருஷமும் அதே ஆறு பாட்டோடன்னு சேர்த்துக்கவா?

சுகுமாறன்: சேர்த்துக்க. "அதே நேரத்துல என் சம்சாரம் சேட்டிலைட் ரேடியோவுல ஒரு பாட்டுக்குப் பத்து ஹாய் சொல்லுவா"ன்னும் சேர்த்துக்க.

லோகேஸ்வரி: அந்த ஹாய்க்குத்தான் உங்க நேயருங்க பாதிப் பேரு எங்க பக்கம் வந்தாங்க. சர்வே வந்துச்சே... பார்த்தீங்களா?

சுகுமாறன்: ஐஸ்பெட்டிக் கதவுல ஒட்டி வச்சா எப்படிப் பார்க்காம இருக்கறது?

லோகேஸ்வரி: தண்ணி எடுக்கறப்பல்லாம் படிக்கணும்னுதான்.

சுகுமாறன்: சர்வேயில நீ ஜெயிச்சே, சரி. இன்னைக்கு மேடை என்னுது. கிள்ளான் நேயர் மன்றம் சும்மா தூக்கிக் கொடுக்கல. "ஆண்டின் சிறந்த அறிவிப்பாளர்." வெள்ளம் வந்த அன்னைக்குப் பதினாலு மணி நேரம் மைக்கை விட்டு எந்திரிக்கல நான்.

லோகேஸ்வரி: எனக்கே கதை சொல்றீங்களா? மத்தியானம் சோறு கட்டிக்கிட்டு வந்தது யாரு? உங்க ஸ்டேஷன் வாசல்ல காவலுக்கு நிக்கற ஜாகா என்னை உள்ளயே விடல. போட்டி ரேடியோ ஆளாம் நான்.

சுகுமாறன்: அவன் டியூட்டி அது...

லோகேஸ்வரி: கேட்டுக் கம்பி இடுக்குல கையை விட்டுக் கொடுத்தேன். ஆனா உடனே போகல.

சுகுமாறன்: ஏன்?

லோகேஸ்வரி: ஜாகா கொட்டாயில உங்க குரல் ஓடிக்கிட்டிருந்துச்சு. எந்த ரோடு மூடியிருக்கு, எந்த வீட்டு மாடியில யாரு மாட்டியிருக்காங்க, மீட்புப் படகு எந்தப் பக்கம் வருது... தொண்டை கட்டிப்போச்சு உங்களுக்கு. அப்பவும் நிறுத்தல. மழையில நின்னு கேட்டேன். பெருமையா இருந்துச்சுங்க.

சுகுமாறன்: இதை இப்பத்தான் சொல்றே!

லோகேஸ்வரி: அன்னைக்கே சொல்லியிருந்தா தலைக்கனம் ஏறியிருக்கும்... போன் அடிக்குது பாருங்க.

சுகுமாறன்: மன்றத்துச் செயலாளர் பக்கிரிசாமி. ஸ்பீக்கர்ல போடு... அண்ணே, வணக்கம்.

பக்கிரிசாமி: சார், எங்க வந்துக்கிட்டிருக்கீங்க?

சுகுமாறன்: ஷா ஆலம் கிட்ட அண்ணே. கொஞ்சம் ஜாம்.

பக்கிரிசாமி: மெதுவா வாங்க, மண்டபம் ஃபுல்லு! ஒரு விஷயம் சார்... பேசறப்போ அந்தச் சேட்டிலைட்காரங்களை ஒரு பிடி பிடிச்சிடுங்க.

சுகுமாறன்: அண்ணே, அது வந்து...

பக்கிரிசாமி: கேளுங்க சார். எங்க வீட்டு டிவியிலயும் அந்த ரேடியோதான் காலையில ஓடும். பஞ்சிர் அன்னைக்கு, அதான் அந்த வெள்ளத்தன்னைக்கு, மழை வலுத்துச்சு, கூரை மேல டிஷ் செத்துப்போச்சு. டிவியில "நோ சிக்னல்". தண்ணி முட்டி வரைக்கும் வந்துடுச்சு, ஒரு சத்தம் இல்ல. ஓடிட்டாங்க சார்! எங்களை விட்டுட்டு ஓடிட்டாங்க. நின்னவர் நீங்க ஒருத்தர்தான்.

சுகுமாறன்: இல்லண்ணே, பக்கத்துல...

லோகேஸ்வரி: பேசுவாரு அண்ணே. நல்லாவே பேசுவாரு.

பக்கிரிசாமி: அட, வீட்டம்மாவா? வணக்கம்மா! நீங்களும் எஃப்.எம்.தானே கேக்கறீங்க?

லோகேஸ்வரி: அன்னைக்கு எஃப்.எம்.தான் கேட்டேண்ணே.

பக்கிரிசாமி: பார்த்தீங்களா! முதல் வரிசையில சீட்டு வச்சிருக்கேன்மா. வாங்க, வாங்க.

லோகேஸ்வரி: ...போனை வச்சிட்டாரு.

சுகுமாறன்: அவருக்கு நீ யாருன்னு தெரியல லோகா.

லோகேஸ்வரி: தினம் கேக்கறாராம். குரலைக்கூட அடையாளம் தெரியல.

சுகுமாறன்: கோவமா?

லோகேஸ்வரி: மொக்கை போடறேன்னு சொல்லட்டும், ஹாய் அதிகம்னு சொல்லட்டும். ஓடிட்டேன்னு சொன்னாரே... அதுதான் சுடுது.

சுகுமாறன்: நீ ஓடல.

லோகேஸ்வரி: உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க ஸ்டூடியோவுல இருந்தீங்க நீங்க... ஏன் நிறுத்தறீங்க? இது எமர்ஜென்சி லேன்!

சுகுமாறன்: இருக்கட்டும். கேளு. அன்னைக்கு எனக்கு வந்த முதல் கால், வள்ளியம்மான்னு ஒரு அம்மா. ரெண்டு பேரப்பிள்ளைங்களோட மாடியில நிக்கிறாங்க. கரண்டு இல்ல. பேட்டரி ரேடியோவை வச்சு என்னைக் கேக்கறாங்க. லைன்ல போடறதுக்கு முன்னாடி அவங்க சொன்னது என்னன்னு தெரியுமா?

லோகேஸ்வரி: என்ன சொன்னாங்க?

சுகுமாறன்: "சேட்டிலைட்ல லோகேஸ்வரி சொல்லிச்சு... மழை வலுத்தா எங்க சத்தம் உங்களுக்கு வராது, பேட்டரி ரேடியோவை இப்பவே தேடி எடுங்க, எஃப்.எம்.ல என் வீட்டுக்காரர் இருப்பாரு, அவரு உங்களை விட மாட்டாருன்னு. அதான் வந்தேன் தம்பி"ன்னாங்க.

லோகேஸ்வரி: அவங்க பிழைச்சாங்களா?

சுகுமாறன்: மூணு பேரும். மீட்புப் படகு போச்சு. ரெண்டாவது காலும் உன் பேரைத்தான் சொல்லிச்சு. மூணாவதும். நான் பேசினேன், சரி. கேக்கறதுக்கு ஆளை அனுப்பினது நீ.

லோகேஸ்வரி: இத்தனை மாசம் ஏன் மூச்சு விடல?

சுகுமாறன்: உன் ஆபீஸுக்குப் பயந்துதான். விடியக்காலம் நீ சொன்னதை மேல இருக்கவங்க யாரும் கேட்டிருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். நீ போட்டி ரேடியோவுக்கு நேயருங்களை அனுப்பினது தெரிஞ்சா, காலை நிகழ்ச்சியைப் பிடுங்கிடுவாங்க. பத்து வருஷம் போராடி வாங்கின நேரம்லா அது!

லோகேஸ்வரி: அப்ப இன்னைக்கும் சொல்லாதீங்க.

சுகுமாறன்: எப்படிச் சொல்லாம இருக்கறது? அந்தாளு மண்டபம் நிறைய ஆளுங்களை உட்கார வச்சிருக்காரு. உன்னை முதல் வரிசையில வச்சுக்கிட்டு, ஓடிட்டாங்கன்னு பேசற கூட்டத்துல நான் மாலை வாங்கிக்கணுமா? சொன்னா உன் வேலை போகும். சொல்லாட்டி உன் மானம் போகும். நீயே முடிவு சொல்லு.

லோகேஸ்வரி: காரை எடுங்க.

சுகுமாறன்: பதில் சொல்லு லோகா.

லோகேஸ்வரி: சொல்லுங்க... என் பேரைச் சொல்லியே சொல்லுங்க. அன்னைக்கு நான் பேசின ரெக்கார்டிங்கை ஆபீஸ்ல கேட்டுட்டாங்க. போன வாரமே லெட்டர் வந்துடுச்சு, உங்க சந்தோஷம் கெடக் கூடாதுன்னு மறைச்சேன். "இனிமேல் நேயர்களைப் போட்டி வானொலிக்கு அனுப்ப மாட்டேன்"னு அவங்களே டைப் அடிச்சு, கையெழுத்து மட்டும் போடச் சொன்னாங்க. அந்த வரியை அடிச்சிட்டு, "மழை பெஞ்சா மறுபடியும் அனுப்புவேன்"னு எழுதி, அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன்.