ஆடிப்பெருக்கில் நின்ற காலண்டர்

மாத்திரையை விடாமச் சாப்பிடுங்கன்னு இவ்வளவு நேரம் சொன்னேன். பின்னாடி ஒரு அம்மா கேட்கிறாங்க... "சாப்பிட்டும் கேட்கலன்னா?" நல்ல கேள்வி. அதுக்கு ஒரு சின்னக் கதை வச்சிருக்கேன், கேட்டுட்டு மோர் குடிக்கப் போங்க.

வெள்ளத்தாய்னு ஒருத்தி. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறவ. அவளுக்கு மனச்சோர்வு வந்துச்சு. எப்படி இருந்துச்சாம்? குளத்துக்கு அடியில உட்கார்ந்திருக்கிற மாதிரி... மேல ஆளுங்க பேசுறாங்க, வெயில் அடிக்குது, எல்லாம் தண்ணிக்கு அந்தப் பக்கம். நாக்குல உப்புகூடத் தெரியல.

பெரியாஸ்பத்திரியில மாத்திரை கொடுத்தாங்க. ஒரு வேளைகூடத் தவறாமச் சாப்பிட்டா. மாசம் ஒருக்கா டாக்டரைப் பார்க்கணும். போற அன்னிக்கு என்ன செய்வா தெரியுமா? தலைக்குக் குளிச்சு, கல்யாணத்துக்குக் கட்டுற சேலையைக் கட்டி, ரெண்டு முழம் மல்லிகை வச்சுக்குவா. பெரிய மனுஷியைப் பார்க்கப் போறோமே, அழுக்கா போகலாமா? நாம எல்லாரும் அப்படித்தானே!

"எப்படிம்மா இருக்கீங்க?"

"உங்க புண்ணியத்துல நல்லாருக்கேன் தாயி."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்ப்பாங்க. சேலை, பூ, சிரிப்பு. வெளிய எண்பது பேர் நிக்கிறாங்க. "அதே மாத்திரை"ன்னு எழுதிடுவாங்க. முதல் மாசம் அதே மாத்திரை... ரெண்டாம் மாசம் அதே மாத்திரை... இவ அதே குளத்துக்கு அடியில.

மூணாம் மாசம் கண்ணாடி முன்னாடி நின்னு பூ வைக்கிறா. பக்கத்துச் சுவர்ல தேதி கிழிக்கிற காலண்டர். அந்த வீட்டுல அவ கிழிச்சாத்தான் பொழுது விடியும், வேற யாரும் தொட மாட்டாங்க. பார்க்கிறா... அதுல இன்னும் ஆடிப்பெருக்குத் தேதியே நிக்குது. தெருவுல பிள்ளைங்க வெடி போடுது. வர்ற வாரம் தீபாவளி!

அப்படியே நின்னா. பூவை எடுத்து ஓரமா வச்சா. காலண்டரைக் கழட்டி மஞ்சப்பையில போட்டுக்கிட்டுப் புறப்பட்டா.

"எப்படிம்மா இருக்கீங்க?"

வாய் பழக்கத்துல "நல்லா..."ன்னு ஆரம்பிச்சிருச்சு. நாக்கைக் கடிச்சு நிறுத்தினா. காலண்டரை மேசையில வச்சா.

"என்னம்மா, நல்ல நாள் பார்க்கணுமா?"

"இல்ல தாயி. இந்த நாளோட நான் நின்னு போயிட்டேன். பிள்ளைங்க சாம்பாருக்கு உப்புப் பார்க்க முடியல. காலையில கண்ணு முழிக்காமலே போயிட்டா என்னன்னு தோணுது."

டாக்டரம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. "போன மாசம் நல்லாருக்கேன்னீங்களே?"

"நீங்க கேட்டீக... மரியாதைக்குச் சொன்னேன்."

வாசல்ல ஒரு சத்தம்: "ஏக்கா, உள்ள குடியிருக்கப் போறியா?"

வெள்ளத்தாய் திரும்பிப் பார்த்தா. "இரு ஆத்தா. மூணு மாசமா அவசரமா எந்திரிச்சுப் போனவ நான்." டாக்டர்கிட்டத் திரும்பினா. "இந்த மாத்திரை எனக்குக் கேட்கல தாயி. அதையே எழுதாதீக. வேற என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

அன்னிக்குத்தான் டாக்டரம்மா நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டு, கண்ணு முழிக்காமப் போகணும்ங்கிற நினைப்பு எப்ப வருது, எத்தனை தடவை வருதுன்னு முழுசா விசாரிச்சாங்க. பழசை எப்படிக் குறைக்கணும், புதுசை எப்படித் தொடங்கணும்னு எழுதிக் கொடுத்தாங்க. "நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது. அந்த நினைப்பு வந்தா நாள் பார்க்காம ஓடி வரணும். இல்லன்னாலும் பத்து நாள்ல வாங்க" அப்படின்னாங்க.

உடனே சரியாச்சா? ஆகல. ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு. மார்கழியில ஒரு நாள் சாம்பாரைக் கரண்டியில எடுத்து உள்ளங்கையில விட்டு நக்கினா... "ஐயையோ, உப்பு கூடிப்போச்சே!" சொல்லிட்டுச் சிரிக்கிறா, அழுறா.

வீட்டுக்கு வந்து காலண்டரை மடியில வச்சா. கிழிக்கக் கிழிக்க ஆடி பறக்குது, ஆவணி பறக்குது... வீடு முழுக்க வெள்ளை வெள்ளையா, கொக்குக் கூட்டம் இறங்கின மாதிரி. கடைசியில அன்னிக்குத் தேதி.

ஏன் தாய்மாரே இதைச் சொன்னேன்? டாக்டர் நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளியா, மனசு கோணாமப் பேசி அனுப்புறதுக்கு? நாம சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும்? பூ வச்சுக்கிட்டே போங்க. பட்டே கட்டிக்கிட்டுப் போங்க. ஆனா "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா... உங்க சுவர்ல நின்னு போன தேதியைச் சொல்லுங்க.