சங்கமித்ரா டீச்சருக்கு இரண்டு நிமிடம்

கூட்டத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, சாத்தாங்காட்டுச் சுமைதூக்கும் தோழர்களே, பிள்ளைகளைத் தோளிலும் இடுப்பிலும் சுமந்து வந்திருக்கிற தாய்மார்களே, வணக்கம். நான் பரசுராமன். இரும்பு மார்க்கெட்டில் முப்பத்தோரு வருடம் தகடும் கம்பியும் தூக்கியவன். இன்று சுமைதூக்குவோர் சங்கத்தின் செயலாளர்.

பின்வரிசையிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வருகிறது அல்லவா? சிலர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்கள். அவன் என் மகன் அறிவு. பத்தொன்பது வயது. ஆட்டிசம் உள்ளவன், பேச்சு வராது. யாரும் அவனை வெளியே கூட்டிப்போக வேண்டாம். அதோ, மாலைக்கு நடுவே படத்தில் சிரிக்கிறாரே சங்கமித்ரா டீச்சர், அவரிடம் பதினோரு வருடம் படித்தவன். இந்தக் கூட்டத்தில் இருக்க அவனுக்குத்தான் முதல் உரிமை.

எனக்கு முன்னால் பேசிய வியாபாரிகள் சங்கத் தலைவர் அண்ணாச்சி வெள்ளத்துரை, டீச்சரைச் 'சத்தமில்லாமல் சேவை செய்த உத்தமி' என்று புகழ்ந்தார். ஆளுயர மாலை போட்டார். கூட்டம் முடியும்போது இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் அண்ணாச்சி. பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

யார் இந்தச் சங்கமித்ரா? புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்து, இரண்டு பஸ் மாறித் தினமும் இங்கே வந்த சிறப்பு ஆசிரியை. வீடு வீடாக ஏறி, 'பள்ளிக்கூடம் போகாத பிள்ளை இருக்கிறதா' என்று கேட்டுக்கொண்டு வந்தவர், ஒருநாள் என் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். உள்ளே அறிவு இருந்தான். எட்டு வயது. கால் ஜன்னல் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது.

கட்டியவன் யார்? நான்தான். இதை எத்தனை மேடையில் வேண்டுமானாலும் சொல்வேன். அவன் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் வேலைக்குப் போக வேண்டும், அவன் ரோட்டுக்கு ஓடிவிடுவான். லாரியில் லோடு கட்டுகிற கயிறு, லோடு கட்டுகிற அதே முடிச்சு. பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பியவன் நான்.

அன்று மதியம் நான் திரும்பியபோது, டீச்சர் வெறுமனே சாத்தியிருந்த கதவைத் திறந்து உள்ளே வந்து, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் பையில் கத்தரிக்கோல் இருந்தது. கயிற்றை வெட்டவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நான் அவுத்துட்டா நாளிக்கு மறுபடியும் கட்டுவீங்கண்ணே. நீங்களே அவுருங்க."

அவிழ்த்தேன். எதற்காக எப்போதும் முனகுகிறான் என்று அன்றைக்கே அவரிடம் கேட்டேன்.

"இரும்பு விழற சத்தம் உங்களுக்குப் பழகிப்போச்சு. அவனுக்கு ஒவ்வொரு வாட்டியும் புச்சா விழுது. அது காதுல விழாம இருக்க அவனே ஒரு சத்தம் போட்டுக்கினு கீறான். பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எட்டு வருடம் அந்தப் பிள்ளையை வளர்த்த அப்பனுக்குத் தெரியாதது, அரை நாள் தரையில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்தது! இதோ முன்வரிசையில் ஃப்ளோரன்ஸ் இருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டதால் சொல்கிறேன். சோறு ஆக்காமல், தலை வாராமல் அவர் சுருண்டு கிடந்தபோது ஊரே சோம்பேறி என்றது. டீச்சர் மட்டும் இது மனச்சோர்வு, இதற்கு மருந்து இருக்கிறது என்று கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இன்று, அறிவைப் போன்ற பிள்ளைகளுக்காக டீச்சர் தொடங்கிய மையத்தின் பதினான்கு பிள்ளைகளுக்கும் சமைப்பது அந்த ஃப்ளோரன்ஸ்தான்.

அந்த மையம் எங்கே இருந்தது? அண்ணாச்சியின் இரும்புக் குடோன் மாடியில். எங்கே போயிற்று? பங்குனி மாதம், மையத்தைக் காலி செய்யச் சொல்லி வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஒரு மனு வந்தது. நகல் என் சட்டைப் பையில் இருக்கிறது. 'மாடியில் பைத்தியங்களின் கூச்சல் தாங்க முடியவில்லை, வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள்.' முதல் கையெழுத்து அண்ணாச்சியுடையது. ஆட்டிசம் வேறு, மனநோய் வேறு. மனநோயே ஆனாலும் அது நோய்தானே, குற்றமா? விடிந்ததிலிருந்து தகடு இடிமாதிரி விழுகிற மார்க்கெட்டில், ஒரு பையனின் முனகல் கூச்சலாம்!

டீச்சர் அறிவைக் கூட்டிக்கொண்டு அண்ணாச்சியின் கடைக்கே போனார். நானும் போனேன். எனக்குச் சொன்னதை அவருக்கும் பொறுமையாகச் சொன்னார். உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

"டீச்சர், எனக்கு வெளக்கம் வேண்டாம். மாடி வேணும்" என்றார் அண்ணாச்சி. கொடுத்துவிட்டோம்.

அதன்பிறகு மூன்று மாதம். கோடை. எண்ணூர் நெடுஞ்சாலையோரம் ஒரு தகரக் கொட்டகையில் மையம். ரத்த அழுத்தம் உள்ள பெண் ஒரு நாள் விடாமல் வந்தார். சென்ற வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் விழுந்தவர் எழவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். அண்ணாச்சிதான் கொன்றார் என்று நான் சொல்லமாட்டேன், அதற்கு என்னிடம் சான்று இல்லை. அந்தத் தகரத்துக்குக் கீழே அவரை அனுப்பியது யார் என்பதற்கு மட்டும் கையெழுத்தோடு சான்று இருக்கிறது.

தோழர்களே, நேற்று நம் பொதுக்குழு இரண்டு முடிவு எடுத்தது. சங்க அலுவலகத்தின் முன்னறையில் வரும் திங்கட்கிழமை மையம் திறக்கிறது. அந்த அறைக்கும் அண்ணாச்சி கடைக்கும் நடுவே ஒரே சுவர். இது முதல் முடிவு. இரண்டாவது, காலை பத்து முதல் ஒரு மணி வரை, வகுப்பு நடக்கும்போது, அவர் கடைக்கு வரும் தகடு ஒன்றைக்கூட நம் ஆட்கள் தரையில் போடமாட்டார்கள். ஒவ்வொன்றையும் கயிறு கட்டி, பூப்போல இறக்குவார்கள். ஒரு லாரி இறங்க அரை நாள் ஆகும். ஆகட்டும். அடுத்த லாரி வாசலில் நிற்கும். நிற்கட்டும். என் பிள்ளையைக் கட்டிய அதே கயிற்றைத்தான் முதல் தகட்டுக்குக் கொடுக்கப்போகிறேன்.

இது பழிவாங்கல் இல்லையா என்று கேட்பீர்கள். ஆமாம், பழிவாங்கல்தான். டீச்சர் இருந்திருந்தால், வேணாண்ணே என்று என் கையைப் பிடித்திருப்பார். பிடிக்க அவர் இல்லையே! மையம் நடக்கும். அவர் சொல்லிக்கொடுத்தபடியே நடக்கும். படத்தின் முன்னால் நின்று சொல்கிறேன், இனி இந்தச் சாத்தாங்காட்டில் ஒரு பிள்ளையும் கட்டப்படாது, ஒரு பிள்ளையும் விரட்டப்படாது.

கடைசியாக, அண்ணாச்சி கேட்ட மௌன அஞ்சலி. கண்டிப்பாகச் செலுத்துவோம். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். செல்போன்களை அணைத்துவிடுங்கள். இரண்டு நிமிடம் நாம் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். அறிவு மூடமாட்டான். அண்ணாச்சி, நீங்களும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, அவனைக் கேளுங்கள்.